புத்தகம் தொடாத பதின்வயதினருக்கு விறுவிறுப்பான அறிவியல் புனைகதை: எதைக் கொடுக்கலாம்?

பின்னிருக்கை:

என் பையனுக்கு வயது 14. பாடப் புத்தகம் தவிர வேறெதையும் தொடுவதில்லை. ஆர்வம் இல்லாதவன் என்று சொல்ல முடியாது. கருந்துளை பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவான். அவன் ஆடும் கணினி விளையாட்டுகளில் எந்தக் கிரகத்துக்கும் எந்தக் கிரகத்துக்கும் சண்டை, ஏன் சண்டை என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் நாவல் என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் சில பக்கங்களிலேயே கவிழ்த்து வைத்துவிடுகிறான். உறவினர் ஒருவர் ஆசையாக 'டியூன்' வாங்கிக் கொடுத்தார். அது இப்போது அவனுடைய கணினித் திரைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

தமிழ், ஆங்கிலம் இரண்டும் படிப்பான். எடுத்தால் கீழே வைக்க முடியாத மாதிரி, ஓடுகிற மாதிரி நாவல்கள் சொல்லுங்கள். 'இறப்பதற்குள் படிக்க வேண்டியவை' வகைப் பட்டியல் வேண்டாம். அது என்னிடமே நிறைய இருக்கிறது.

அட்டைப்படம்:

'தி ஹங்கர் கேம்ஸ்'. வேறு பேச்சே இல்லை.

வால்வெள்ளி:

'டியூன்' படித்துவிட்டு ஒரு பையன் வாசகனாக மாறினால் அது அவனுடைய சாமர்த்தியம். பின்னால் அகராதி வைத்திருக்கும் நாவல் அது. 1965-இல் வந்தது, அருமையான புத்தகம், ஆனால் முதல் புத்தகம் இல்லை.

அட்டைப்படம் சொன்னதை நானும் வழிமொழிகிறேன், ஆனால் காரணத்தோடு. 'ஹங்கர் கேம்ஸ்' 2008-இல் வந்தது. எழுதிய சூசன் காலின்ஸ் அதற்கு முன்பு சிறுவர் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதியவர். அந்தப் பழக்கம் நாவலில் அப்படியே தெரியும். ஒவ்வொரு பகுதியிலும் ஒன்பது அத்தியாயம், மொத்தம் மூன்று பகுதி. அத்தியாயத்தின் கடைசி வரியில் கதவு ஒன்று திறக்கும், அல்லது யாரோ ஒரு பெயரைச் சொல்வார்கள், அத்தோடு முடிந்துவிடும். 'இன்னும் ஒன்று மட்டும்' என்று புரட்டாமல் இருக்க முடியாது. போதாததற்குக் கதை முழுக்கக் கதாநாயகியே நிகழ்காலத்தில் சொல்கிறாள். 'ஓடினேன்' இல்லை, 'ஓடுகிறேன்'. அவள் பிழைப்பாளா என்பது அவளுக்கே தெரியாத மாதிரி இருக்கும்.

இன்னும் சில சொல்கிறேன்.

'தி மேஸ் ரன்னர்' (2009). இருட்டில் மேலே போகும் ஒரு லிஃப்டில் ஒரு பையன் கண் விழிக்கிறான். தன் பெயரைத் தவிர எதுவும் நினைவில்லை. வெளியே வந்தால் சுற்றிலும் மாபெரும் சுவர்கள், அவை இரவில் மூடிக்கொள்கின்றன. இலக்கியமாக இதைத் தூக்கிப்பிடிக்க மாட்டேன், நடை சுமார்தான். அங்கிருக்கும் பையன்கள் பேசும் இட்டுக்கட்டிய கொச்சை மொழி எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் 14 வயதில் அதெல்லாம் கண்ணிலேயே படாது.

'எண்டர்ஸ் கேம்' (1985). எடையற்ற அறையில் சிறுவர்கள் அணி பிரிந்து மோதும் போர்ப் பள்ளி. கணினி விளையாட்டு ஆடும் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை. முடிவு எப்படி என்று வலையில் தேடவேண்டாம் என்று மட்டும் எச்சரித்துவிடுங்கள்.

'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' (2017). சுமார் 150 பக்கக் குறுநாவல். தன்னைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைத் தானே உடைத்துவிட்ட ஒரு பாதுகாப்பு இயந்திரம். இனி யாரை வேண்டுமானாலும் கொல்லலாம். ஆனால் அதற்கு அதில் ஆர்வமில்லை, யாரும் தொந்தரவு செய்யாமல் தொடர் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். மனிதர்கள் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சப்படும். பதின்வயதினருக்கு அது தங்களைப் பற்றிய கதை என்று தோன்றிவிடுகிறது. ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் வாங்கிய கதை என்பதை அவனிடம் சொல்லவேண்டாம், சந்தேகப்படுவான்.

கரையான்:

எனக்கு ஒரு அடிப்படை ஆட்சேபம். ஏன் எல்லாமே ஓடவேண்டும்? நாள் முழுக்க ஓடுகிற படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தகமும் அதே வேகத்துக்குப் போட்டி போட்டால் படம் பார்த்துவிட்டுப் போகலாமே. நிதானமாக ஒரு பக்கத்தில் தங்கப் பழக்குவதுதானே வாசிப்பு? நாங்களெல்லாம் அந்த வயதில் ழூல் வெர்ன், எச். ஜி. வெல்ஸ் என்று ஆரம்பித்தோம். யாரும் எங்களுக்கு வேகத்தடை நீக்கித் தரவில்லை.

வால்வெள்ளி:

கரையான் சார், வெர்ன் என்கிறீர்கள். 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' நாவலில் மீன் வகைகளைப் பட்டியல் போடும் பத்திகளை நீங்கள் வரி விடாமல் படித்தீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

கரையான்:

தாண்டித்தான் போனேன். ஆனால் தாண்டிப் போகவும் ஒரு பயிற்சி வேண்டும்.

வகுப்பறை_ஜன்னல்:

ஆசிரியராக இருக்கிறேன், இந்தக் கேள்வி அடிக்கடி வரும். பட்டியலுக்குப் போகும் முன் ஒன்று கேட்கவேண்டும். பையன் படிக்க விரும்பாதவனா, படிக்கச் சிரமப்படுபவனா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். 'போரடிக்குது' என்பான், புத்தகத்தை மூடுவான். ஆனால் மருந்து வேறு வேறு.

ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் ஓரளவு தெரிந்துவிடும். வரியைத் தவறவிடுகிறானா, சின்னச் சொற்களை மாற்றிப் படிக்கிறானா, ஒரு பக்கம் முடிவதற்குள் களைத்துவிடுகிறானா என்று பாருங்கள். அப்படி இருந்தால் கண் பரிசோதனை முதலில். அடுத்து டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் வரும் கற்றல் சிரமம்) இருக்கிறதா என்று தெரிந்தவர்களிடம் கேளுங்கள். புத்திசாலிப் பிள்ளைகள் இதை வருடக்கணக்கில் மறைத்துவிடுவார்கள். நன்றாகப் பேசுவதால் யாருக்கும் சந்தேகமே வராது.

அப்படிச் சிரமப்படுபவர்களுக்காகவே எழுதப்படும் நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கதை அவர்கள் வயதுக்கு ஏற்றது, மொழி மட்டும் எளிமை. பாரிங்டன் ஸ்டோக் என்ற பதிப்பகம் இந்த வேலையையே செய்கிறது. வெள்ளைக்குப் பதில் லேசான மஞ்சள் சாயல் தாள், நெருக்கமில்லாத எழுத்து, குறைந்த பக்கங்கள். இங்கே செய்யக்கூடாத ஒன்று: எளிமை வேண்டும் என்பதற்காக ஒன்பது வயதுப் பிள்ளைகளின் புத்தகத்தைக் கொடுப்பது. அட்டையைப் பார்த்ததுமே அவமானப்படுவார்கள். அதன்பிறகு நீங்கள் எதைக் கொடுத்தாலும் தொடமாட்டார்கள்.

இனி இரண்டாவது வகை. படிக்க முடியும், படிக்கமாட்டான். இந்த இழையில் கேட்டிருப்பது அநேகமாக இந்தப் பையனைப் பற்றித்தான். இவனுக்கு வேகமான கதை கொடுங்கள் என்பது சரி. ஆனால் வேகம் என்றால் துரத்தலும் வெடிப்பும் என்று நினைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாறுவீர்கள். முதல் பக்கத்திலேயே மூன்று விண்கலம் வெடிக்கும் நாவல்கள் நிறைய உண்டு. யார் கலம், ஏன் வெடித்தது, எனக்கென்ன என்று தெரியாமல் பையன் தூங்கிவிடுவான். அவனை இழுத்துக்கொண்டு போவது ஒரு கேள்விதான். ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கும்போது அடுத்த கேள்வி பிறந்திருக்கவேண்டும்.

'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி' (2021) எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் படுக்கையில் கண் விழிக்கிறார். இரண்டும் இரண்டும் எத்தனை என்று கணினிக் குரல் ஒன்று கேட்கிறது. வாய் குழறுகிறது, பதில் வரவில்லை. பக்கத்துப் படுக்கைகளில் இரண்டு பிணங்கள். தான் யார், எங்கே இருக்கிறோம், எதுவும் தெரியாது. ஒரு துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. அந்த மனிதர் அறையில் பொருள்களைக் கீழே போட்டு, விழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறார். அதிலிருந்து தான் பூமியில் இல்லை என்று கண்டுபிடிக்கிறார். இயற்பியல் கணக்கு அது! ஆனால் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிறார்கள். கருந்துளை பற்றி நிறுத்தாமல் பேசும் பையனுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். கொஞ்சம் தடிமனான புத்தகம், அது ஒன்றுதான் பயம். பின்னட்டையைக் கூட அவன் படிக்காமல் நேராக உள்ளே போகட்டும். அந்தக் கதையில் முன்கூட்டித் தெரியக்கூடாத விஷயம் ஒன்று உண்டு.

கரையான் சாருக்கு: நிதானம் பழகவேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாவலைக் கூட முடித்தறியாத பிள்ளைக்கு, முடித்த அனுபவம் முதலில் வேண்டும்.

அட்டைப்படம்:

ஆசிரியர் சொன்னதற்குப் பிறகு என் ஒற்றை வரிப் பதிவு கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் அதுதான் என் பதில்.

பின்னிருக்கை:

நன்றி. சத்தமாகப் படிக்கச் சொல்லிப் பார்த்தேன். தடங்கல் இல்லை, 'எதுக்கு இது' என்ற முகத்தோடு சரளமாகப் படித்தான். ஆக, இரண்டாவது வகை.

ஒரு கவலை: 'ஹங்கர் கேம்ஸ்' கதையில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்கிறார்கள் என்கிறார்களே?

நூலகத்தூசி:

ஆமாம், கதையே அதுதான். 24 பேர் உள்ளே, ஒருவர் வெளியே. ஆனால் கொலையை அது ரசிக்கவில்லை. அதைத் தொலைக்காட்சியில் பார்த்து ரசிப்பவர்கள் மீதுதான் கோபம். 14 வயதுக்குத் தாங்கும் என்பது என் கருத்து. 'எண்டர்ஸ் கேம்' நாவலிலும் சிறுவர்களுக்கிடையே கடுமையான அடிதடி உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் முதலில் நீங்கள் படியுங்கள். கொடுக்கும் புத்தகத்தைப் பெரியவர்களும் படித்திருந்தால் பேசுவதற்கு ஒன்று கிடைக்கும், அது தணிக்கையைவிட நல்லது.

'தி மார்ஷியன்' யாரும் சொல்லவில்லையே! செவ்வாயில் தனியாக விடப்பட்ட விண்வெளி வீரர், உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைக்கிறார். 'ஹெய்ல் மேரி' எழுதிய ஆண்டி வியர்தான். முதலில் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார், 2011-இல் தானே மின்னூலாக வெளியிட்டார், பிறகுதான் பெரிய பதிப்பகம் வந்தது. நாட்குறிப்பு வடிவம் என்பதால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தொடரலாம். ஆனால் முதல் வரியே கெட்ட வார்த்தை. அது உறுத்தினால், வசைச் சொற்களை நீக்கி வகுப்பறைக்கென்றே ஒரு பதிப்பு இருக்கிறது, தேடி வாங்குங்கள். (கெட்ட வார்த்தை இருக்கும் பதிப்பைத்தான் பிள்ளைகள் விரும்புவார்கள் என்பது வேறு விஷயம்.)

தடிமன் பயம் பற்றி ஒன்று. 'இல்லூமினே' (2015) என்று ஒரு நாவல், கிட்டத்தட்ட 600 பக்கம். பார்த்தாலே மிரளுவான். திறந்து காட்டுங்கள். உரையாடல் பதிவுகள், விசாரணை அறிக்கைகள், வரைபடங்கள், விண்கலச் சண்டை நடக்கும் பக்கத்தில் எழுத்துகளே சுழன்று போகும். சில பக்கங்களில் சில சொற்கள்தான் இருக்கும். அவ்வளவு பெரிய புத்தகத்தை முடித்துவிட்டேன் என்று காட்டிக்கொள்ளலாம், உண்மையில் படித்தது அதில் பாதி அளவுதான் இருக்கும். அந்தப் பெருமைக்கு ஒரு வேலை உண்டு. காகிதத்தில் வாங்குங்கள், சின்னத் திரையில் அந்த வடிவமைப்பு வீணாகிவிடும்.

கரையான்:

எல்லாரும் ஆங்கிலமே சொல்கிறீர்கள். தமிழில் எதுவும் கிடையாதா?

நூலகத்தூசி:

பதில் உங்களுக்கே தெரியும். 'என் இனிய இயந்திரா'.

வால்வெள்ளி:

நானும் அதைச் சொல்ல வந்தேன். சுஜாதா அதை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். வாராவாரம் வாசகர் திரும்பி வரவேண்டும், அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் கொக்கி போட்டே முடியும். காலின்ஸ் செய்வதும் இதேதான். அதிகம் விளக்காமலே ஒரு உலகத்தைக் காட்டிவிடுவார்: ஜீவா என்ற தலைவரின் ஆட்சி, எல்லாருக்கும் எண், பெயரெல்லாம் இரண்டெழுத்து, பிள்ளை பெறவும் அரசின் அனுமதி. கதாநாயகி நிலாவின் கணவன் காணாமல் போகிறான். பிறகு ஜீனோ என்ற இயந்திர நாய் வந்து கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்த நாய்க்காகவே பிள்ளைகள் அடுத்த பாகமான 'மீண்டும் ஜீனோ' கேட்பார்கள்.

ஒரே சிக்கல், அவர் எதிர்காலம் என்று எழுதிய ஆண்டு இப்போது கடந்துபோய்விட்டது. சில கருவிகள் இன்று பழசாகத் தெரியும். அதையே விளையாட்டாக்கலாம்: எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அவனே பிடிக்கட்டும். இன்றைய பிள்ளைகள் இதில் கில்லாடிகள், இரக்கமே காட்டமாட்டார்கள்.

ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அது வேறு தாளம். இந்த இழைக்கு இப்போது வேண்டாம்.

கரையான்:

சரி, ஜீனோவுக்கு என் ஓட்டு உண்டு. ஆனால் வெல்ஸை அவ்வளவு சுலபமாக விட்டுத்தர மாட்டேன். 'கால இயந்திரம்' (1895) சின்னப் புத்தகம். 'உலகங்களின் போர்' முதலில் 1897-இல் பத்திரிகைத் தொடராகத்தான் வந்தது. நீங்கள் சொல்லும் கொக்கி அதிலும் உண்டு. செவ்வாயிலிருந்து வந்து விழுந்த உருளையின் மூடி மெதுவாகத் திருகித் திறக்கும் அந்த இடத்தை எந்தப் புது நாவலும் மிஞ்சவில்லை.

வகுப்பறை_ஜன்னல்:

அந்த இடம் உண்மையிலேயே அபாரம். அதுவரை போகவைப்பதுதான் பாடு. நான் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன். 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் அதை வானொலி நாடகமாக ஒலிபரப்பினார் அல்லவா, முதல் பாதி முழுக்கச் செய்தி அறிவிப்பு மாதிரியே இருக்கும். நடன இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே செய்தி வரும். நிஜச் செய்தி என்று நம்பிப் பதறியவர்களும் உண்டு. அந்தப் பதிவை முதலில் கேட்கவிடுவேன், பிறகு நாவலில் உருளை விழும் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். முதல் அத்தியாயத்தைப் பிறகு வந்து படிக்கட்டும், அல்லது படிக்காமலே போகட்டும்.

கரையான்:

முதல் அத்தியாயம் இல்லாமலா? அதன் முதல் பத்தி உலகத்தரமான பத்தி!

வகுப்பறை_ஜன்னல்:

உங்களுக்கு. அவனுக்கு இல்லை, இன்னும். டேனியல் பெனாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1992-இல் வந்த தன் நூலில் வாசகனுக்குப் பத்து உரிமைகள் என்று போட்டிருக்கிறார். அதில் முதல் உரிமை, படிக்காமல் இருப்பது. இரண்டாவது, பக்கங்களைத் தாண்டுவது. மூன்றாவது, முடிக்காமல் விடுவது. மீன் பட்டியலைத் தாண்டியபோது நீங்கள் இரண்டாவது உரிமையைத்தான் பயன்படுத்தினீர்கள்.

வீட்டில் செய்யவேண்டியதும் இதுதான். மூன்று நான்கு புத்தகத்தை அவன் கண்ணில் படும்படி போடுங்கள். 'இதில் எது மோசம் என்று சொல்' என்று வேண்டுமானால் கேளுங்கள், குறை சொல்லவாவது திறப்பான். பிடிக்காததை மூடட்டும், ஏன் என்று குடையவேண்டாம். முடித்தால் பரிசு, ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். குறிப்பாக, படித்து முடித்ததும் 'கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே புத்தகத்தைத் தொடாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மேசைவிளக்கு:

புதிதாக வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். ஒலிநூல் யாரும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே எழுத்தையும் கண்ணால் தொடர்ந்தால் பல பிள்ளைகள் தயக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள். 'ஹெய்ல் மேரி' ஒலிவடிவம் அற்புதம். ஏன் என்று சொன்னால் கதை கெட்டுவிடும்.

அப்புறம் மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. 'ஆல் யூ நீட் இஸ் கில்' 2004-இல் வந்த ஜப்பானிய நாவல், பிறகு மங்காவாகவும் வந்தது. போரில் செத்துச் செத்து அதே நாளுக்குத் திரும்பி வரும் சிப்பாய். விளையாட்டில் தோற்றால் மறுபடி அதே கட்டத்தில் ஆரம்பிப்பது போலவே இருக்கும், அதனால் விளையாட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். ரத்தம் அதிகம், வயது பார்த்துக் கொடுங்கள். 'அது படக்கதைதானே, வாசிப்பு ஆகுமா' என்று யாராவது ஆரம்பித்தால் நான் இந்த இழையை விட்டுப் போய்விடுவேன்.

கரையான்:

நான் வாயே திறக்கவில்லை.

பின்னிருக்கை:

எல்லாருக்கும் நன்றி. 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்', 'எண்டர்ஸ் கேம்', 'என் இனிய இயந்திரா' மூன்றையும் கணினிப் பக்கத்தில் போட்டுவைத்தேன். எதுவும் சொல்லவில்லை. ஒல்லியாக இருக்கிறது என்பதற்காக முதலாவதை எடுத்தான். முடித்துவிட்டான். இப்போது 'எண்டர்ஸ் கேம்' பாதியில் இருக்கிறான், சாப்பிடக் கூப்பிட்டால் 'இரு' என்கிறான். ஜீனோ இன்னும் அப்படியே இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. இரண்டுக்கும் அடுத்தடுத்த பாகங்கள் நிறைய இருக்கிறதாமே, வரிசையாக வாங்கிவிடலாமா?

வால்வெள்ளி:

பொறுங்கள், வரிசையாக வேண்டாம்! 'எண்டர்ஸ் கேம்' வந்த மறு வருடமே அடுத்த பாகம் 'ஸ்பீக்கர் ஃபார் தி டெட்' வந்தது. நல்ல நாவல்தான், ஆனால் எண்டர் அதில் பெரியவர், போர்ப் பள்ளி கிடையாது, நிறைய சிந்தனை. இப்போது கொடுத்தால் அங்கேயே நின்றுவிடுவான். அதற்குப் பதில் 'எண்டர்ஸ் ஷேடோ' (1999) வாங்குங்கள். அதே பள்ளி, அதே சம்பவங்கள், ஆனால் பீன் என்ற குட்டிப் பையனின் கண் வழியாக. முதல் புத்தகத்தில் எண்டர் கவனிக்காமல் விட்டதெல்லாம் இதில் வெளியே வரும்.

'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' வரிசையில் அடுத்த மூன்றும் குறுநாவல்கள்தான், தைரியமாக வரிசையில் போகலாம். ஐந்தாவதாக வரும் 'நெட்வொர்க் எஃபெக்ட்' மட்டும் முழுநீள நாவல். அதை இப்போதே வாங்கி அடுக்கிவைக்கவேண்டாம், நாலாவதை முடித்துவிட்டு அவனே கேட்கட்டும்.